ஒன்பது விநாடி

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி முப்பத்தாறு டிகிரி காட்டியது. காற்று அறவே வீசவில்லை. தெருமுனையில் தேர்தல் ஆட்டோக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து என் பேத்தி உள்ளறையில் நின்று ஒரு பாட்டைப் பாடினாள். அந்தப் பாட்டில் ஓரிடத்தில் குரல் உச்சிக்குப் போய் ஒன்பது விநாடி அங்கேயே நிற்க வேண்டும். நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். நான்காவது விநாடியில் எதிர்வீட்டு இரும்புக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிழை திருத்தினவன். தினசரி நாட்காட்டி என் பிரிவு. தேதிக்குக் கிழமை சரியா, விடுமுறைக்குச் சிவப்பு மை விழுந்திருக்கிறதா, முந்நூற்று அறுபத்தைந்து தாளும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கண்ணில் படுகிறதை எல்லாம் எண்ணுகிற வழக்கம் வந்துவிட்டது. அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு தவறு விட்டேன். ஒரு வருடம் ஆகஸ்டில் ஒரே புதன்கிழமை இரண்டு தாளில் அச்சாகி, நாலாயிரம் பிரதி வெளியே போய்விட்டது. முதலாளி திட்டவில்லை. "அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரு நாள் கூடக் குடுத்திருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார். எழுபத்தாறு வயதிலும் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்துகிறது.

என் மனைவி இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். பேத்தி ஆறு வயதிலிருந்து என்னோடுதான் வளர்ந்தாள். சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடினாள். கல்லூரிக்கு என்று சென்னைக்குப் போனவள், அங்கே மேற்கத்தியப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாளைப் பிடித்துக்கொண்டாள். பெயருக்கு மூன்று வருடம் பி.காம்., உண்மையில் நான்கு வருடம் அங்கே இருந்து படித்தது பாட்டு. ஓப்பரா என்றாள். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரிப் பாடி நடிக்கிற நாடகம் அது என்று எனக்கு விளக்கினாள். ஜெர்மனியில் அதற்குக் கல்லூரிகள் இருக்கின்றன, நேரில் போய்ப் பாடிக் காட்ட வேண்டும், ஆடிஷன் என்று பெயர், ஜூன் மாதம் மூன்று ஊர்களில் தேதி கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஏப்ரல் 14 ஞாயிறு அன்று வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. அந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் குவைத்தில் ஒரு கணக்கர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. என் மகள் அதில் தெளிவாக இருந்தாள். ஒரு தடவைதான், மறு தடவை கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பாடியது கடல் ஓரம் நின்று, விட்டுப்போனவனைக் கூப்பிடுகிற ஒருத்தியின் பாட்டு. ஒன்பது விநாடியும் அந்தக் கூப்பாடுதான்.

எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. இருபத்து நான்கு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். வேலைநாளில், முற்பகலில், ஒரு பெண்குரல் அப்படி நீளமாக எழுந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். அது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஒரு நிமிடத்துக்குள் என் வாசலில் பதினேழு பேர். பதினான்கு பெண்கள், மூன்று ஆண்கள். கையில் கரண்டியோடு ஒருத்தி, சோப்பு நுரையோடு ஒருத்தி. இரண்டு பேர் மாடியில் ஏறிக் கிழக்கே புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒருவர் போனில் "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

"இங்கன ஒண்ணுமில்ல, பாட்டு, பாட்டு" என்றேன்.

"பாட்டா?"

"பாட்டுத்தான். வெளிநாட்டுப் பாட்டு."

கரண்டிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இவுகதான் போயிட்டாகன்னு நெனச்சு ஓடியாரேன். இவுக என்னன்னா உக்காந்து மணி பாத்துக்கிட்டு இருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். பயம் போன பிறகு வருகிற சிரிப்பு, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அப்போதுதான் ஒருத்தி, "ஏ, எதுத்த வீட்டு அக்காவ எங்க?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் என் வாசலுக்கு வரவில்லை. நான்காவது விநாடியில் கேட்டைத் திறந்தவர், வெறுங்காலோடு, நேராகத் தெருமுனைக்கு ஓடியிருந்தார். அங்கிருந்து தார்ச்சாலையில் வேன் நிற்கிற இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஆறு வருடம் முன்பு அவருடைய மகள் ஒரு காலை அங்கே வேனில் ஏறிப் போனவள்தான். நான் நடந்து தெருமுனையை அடைவதற்குள் என் பேத்தி என்னைத் தாண்டி ஓடினாள். ஏறத்தாழ இருநூறு அடி தள்ளி அவரைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் வெயிலில் நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்த அம்மாள் குதிகாலைத் தரையில் வைக்காமல் நடந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

வீட்டுக்குள் வந்ததும் பேத்தியிடம் நான் சொன்னேன். "இங்கன வேண்டாம். சத்தத்தக் கொறச்சுக்கோ."

இரண்டு வாக்கியம்தான். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் தலையணையில் முகத்தை வைத்துப் பாடினாள். பீரோவைத் திறந்து துணிகளுக்குள் பாடினாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடினாள். தண்ணீர் வீணாவதைப் பார்த்து நான் போய்க் கதவைத் தட்டினேன். எதிர்வீட்டு அம்மாளை நான் நேரே பார்ப்பதைத் தவிர்த்தேன். அவர் கோலம் போட வெளியே வருகிற நேரம் ஐந்தே முக்கால் என்பதால், பால் வாங்குவதை ஆறே காலுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் இப்படிச் சரிப்படாது என்று தோன்றி ஒரு ஆட்டோ பேசினேன். காலை ஆறரை மணிக்கு ஆனைக்குட்டம் அணைக்குப் போவோம். தண்ணீர் அடியில்தான் கிடந்தது. கரையில் ஆள் கிடையாது. அவள் தண்ணீரைப் பார்த்து நிற்பாள், நான் பத்தடி பின்னால் கல்லில் உட்கார்ந்திருப்பேன். பாட்டு நன்றாக ஏறும். அந்த இடம் வரும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அங்கே நின்றுவிடும். குரல் உடைவதில்லை, மூச்சும் தீர்வதில்லை. அவளாக விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள், பின்னால் யாரோ ஓடி வருகிற மாதிரி.

"நாலு" என்பேன்.

"தெரியும் தாத்தா."

"நேத்தும் நாலு."

"தாத்தா, நீங்க வாட்ச்சப் பாக்காதீங்க. எனக்கு முதுகுல குத்துது."

மறுநாள் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். வாய்க்குள் எண்ணினேன். நாலுதான்.

ஆடு மேய்க்கிற ஒருவர் தினமும் எங்களைக் கடந்து போவார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன அண்ணாச்சி, புள்ளைக்குச் சாமி கீமி வருதா?"

"இல்ல, பாட்டுப் படிக்கா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துல பாதியில விட்டுருது பாருங்க. என் ஆடெல்லாம் தலையத் தூக்கிப் பாக்குது, அப்புறம் என்னன்னு."

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆட்டோவில் திரும்பும்போது சிரிக்கவில்லை. ஆனைக்குட்டத்துக்குப் பதினாறு காலை போனோம். பதினாறிலும் நாலு.

ஜூன் 3 திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குக் கார் வந்தது. மதுரை விமான நிலையம் வரைக்கும் நானும் போனேன். விருதுநகரில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தாள். அவள் தொண்டைக்கு எண்ணெய் ஆகாது என்று வெந்நீர் மட்டும் குடித்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு" என்றாள்.

"என்ன மூணு?"

"பரோட்டா. ரெண்டோட நிறுத்துவீகன்னு நெனச்சேன்."

அந்த ஒரு நாள் அவள் எண்ணினாள், நான் எண்ணவில்லை. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையசைத்தாள். பிறகு வரிசை நகர்ந்தது. பெட்டியின் நீலநிறம் கொஞ்ச நேரம் தெரிந்தது. ஜூலை 9-க்குத் திரும்புகிற டிக்கெட்டும் சேர்த்தே எடுத்திருந்தோம். முப்பத்தாறு நாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒருவன். முன்பும் அவள் சென்னையில் படித்த நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன், ஆனால் அது வேறு. மதுரையிலிருந்து ரயில் ஏறினால் காலையில் சென்னை. இது அப்படி இல்லை. அங்கே நேரம் மூன்றரை மணி பின்னால். நான் மதியச் சோற்றை முடித்துக் கையைக் கழுவும்போது அவள் காலை உணவுக்கு ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருப்பாள். சமைத்தது மிஞ்சியது. முதல் வாரம் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அரிசியை எண்ணவில்லை. பகலில் தெருவில் ஆள் இருப்பதில்லை. காலை ஏழரைக்குள் வேன்கள் எல்லாம் போய்விடும். அச்சங்குளம் என்று முன்கண்ணாடியில் எழுதின வேன்தான் கடைசி. அது போன பிறகு சாயங்காலம் ஆறு வரை குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மூன்றாவது வீட்டிலிருந்து கேட்கும். நாட்காட்டியில் தாள் கிழிப்பேன். செவ்வாயும் புதனும் ஒன்று போலவே இருந்தன. நாலாயிரம் பேருக்கு ஒரே புதனை இரண்டு முறை கொடுத்தேனே, யாராவது கவனித்திருப்பார்களா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அவளுடைய அறையில் பீரோ திறந்தே கிடந்தது. அதை மூடவில்லை.

முதல் ஆடிஷன் ஜூன் 11 செவ்வாய். வடக்கே ஒரு துறைமுக ஊர். சாயங்காலம் போன் வந்தது.

"அடுத்த சுற்றுக்குக் கூப்பிடல தாத்தா."

"எம்புட்டு பேரு வந்தாக?"

"ஒரு நாளைக்கு நாப்பது பேரு."

"எத்தன பேர எடுத்தாக?"

"தாத்தா."

 அவளே சொன்னாள். கேட்ட ஐந்து பேரில் ஒரு அம்மாள் அவளை வெளியே வந்து பார்த்தாராம். குரல் நன்றாக இருக்கிறது, மேலே போனதும் ஏன் விட்டுவிடுகிறாய், உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

இரண்டாவது ஆடிஷன் ஜூன் 18. அதுவும் செவ்வாய். அதிலும் அவளைக் கூப்பிடவில்லை. இந்த முறை யாரும் வெளியே வந்து காரணம் சொல்லவில்லை. சுவரில் ஒட்டின தாளில் அவள் எண் இல்லை, அவ்வளவுதான். அவள் தங்கியிருந்த விடுதியில் ஒரு அறைக்கு ஆறு கட்டில். எங்கேயும் முழுக்குரலில் பாடிப் பார்க்க இடமில்லை என்றாள். நான் அணை மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆறு இருக்கு. போனேன். நாலுதான் தாத்தா."

"ஏன்?"

ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அறைக்கு வெளியே வந்துதான் சொன்னாள்.

"அவுக கால் ஞாபகம் வருது. அப்புறம் நீங்க சொன்னீகள்ல, இங்கன வேண்டாம்னு. அங்க போனாலும் அதேதான் கேக்குது. எங்கனயும் வேண்டாம்னு கேக்குது."

நான் ஏதோ சொன்னேன். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, குடை இருக்கிறதா. இருக்கிறது என்றாள். பேச்சு பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. அதில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது ஆடிஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் ஆறே காலுக்குப் பால் வாங்க வெளியே வந்தால், எதிர்வீட்டு அம்மாள் தன் கேட்டில் கையை வைத்துக்கொண்டு எனக்காகவே நிற்கிறார். வெறுங்கால்தான். செருப்புப் போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. அறுபதை ஒட்டின வயது. மகள் போன பிறகு வீட்டிலிருந்தபடி பட்டாசுப் பெட்டிகளுக்குத் தாள் ஒட்டிக் கொடுக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டு மாசமா என்னயப் பாத்தா அந்தப் பக்கமாத் திரும்பிப் போறீக. நான் என்ன கடன்காரியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"புள்ள பாட்டுக்குப் போச்சே. என்னாச்சு?"

நல்லபடியாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பிழை திருத்துகிறவனுக்குப் பொய் சொல்ல வராது. ரெண்டு ஊரில் ஆகவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு நீங்கள் ஓடினதைப் பார்த்ததிலிருந்து அந்த இடம் வந்தால் நிறுத்திவிடுகிறாள் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. "நானும் சத்தத்தக் கொறன்னு சொல்லிட்டேன்" என்று சேர்த்தேன்.

அவர் முகம் கறுத்தது. "நல்லா இருக்கு அண்ணாச்சி நீங்க சொல்றது. என் காலு வெந்ததுக்கு அவ பாட்டு நிக்குதா? அப்ப நான்தான் அந்தப் புள்ளயக் கெடுத்தேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"போனைப் போடுங்க."

"அங்க இப்ப விடியக்கூட இல்லம்மா. ரெண்டே முக்கால் மணி."

"அப்ப எப்ப விடியும்?"

"நமக்குப் பத்தரை ஆகும்போது அவளுக்கு ஏழு."

சரியாகப் பத்தரைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தார். போனை எப்படிப் பிடிப்பது என்று கேட்காமல் வாங்கி, வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு பேசினார். ஸ்பீக்கரில் இருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"ஏ தாயி, நான் எதுத்த வீடு பேசுதேன்."

"அத்தை! எப்படி இருக்கீக? கால் எப்படி இருக்கு?"

"காலுக்கு என்ன, அது கழுத. அது ஆறி எம்புட்டு நாளாச்சு. நீ என்னமோ பாதியில நிறுத்திருதியாமே."

சுவரில் சாய்ந்துகொண்டு அவரே மேலே பேசினார்.

"நீ என்ன நெனச்ச? நீ வந்து பிடிச்சதால நான் நின்னேன்னா? தார் சுட்டுச்சு, அதான் நின்னேன். இல்லன்னா சாத்தூர் வரைக்கும் போயிருப்பேன்."

பேத்தி சிரிக்கிற சத்தம் வந்தது. அழுகிற சத்தமாகவும் இருக்கலாம். ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியவில்லை.

"இங்க கேளு. எங்க புள்ள போன அன்னிக்கு ஒருத்தரும் கத்தல. தூரத்துல வெடிச்சது, இங்கனக்குக் கேக்கல. பத்தரை மணிக்கு நடந்தது. நான் அன்னிக்கு மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு வச்சேன். நல்லாச் சாப்பிட்டேன். தூங்குனேன். சாயங்காலம் வேன் வரல. அப்புறம்தான் எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் தாயி. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எனக்குக் கேக்குற மாதிரிக் கத்தியிருந்தா நான் போயிருப்பேன்ல. அதான் நீ கத்துனப்ப ஓடுனேன். பயந்து ஓடல. இந்தத் தடவையாவது முன்னாடியே போயிரணும்னு ஓடுனேன்."

போனை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"அதனால நீ நல்லாக் கத்து. எனக்குக் கேக்கணும் அப்படிக் கத்து. உங்க தாத்தா சொன்னதெல்லாம் காதுல வாங்காத. அவுக எழுத்துப்பிழை பாக்குற ஆளு, அவுகளுக்கு எல்லாம் தப்பாத்தான் தெரியும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் காதில் வைத்துக்கொண்டு, "அவுக சொல்றது சரிதான்" என்றேன். அது ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

ஜூன் 27 வியாழக்கிழமை. அவளுடைய நேரம் அங்கே பதினொன்று நாற்பது. இங்கே மாலை மூன்று பத்து. மேகம் கூடியிருந்தது, மழை இல்லை. இரண்டே முக்காலுக்கு எதிர்வீட்டு அம்மாள் தாள்கட்டையும் பசைக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். சும்மா உட்கார முடியாது என்று சொல்லி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்ட ஆரம்பித்தார். மத்தாப்புப் பெட்டி. மூன்று மணிக்குள் இருபத்தொரு பெட்டி ஒட்டினார்.

மூன்று பத்து ஆனது. "இப்பப் பாடுதாளா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டிருப்பாக."

அவர் கையை நிறுத்தினார். பசை விரலிலேயே காய்ந்தது. இரண்டு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். என்ன கேட்கும் என்று எதிர்பார்த்தோம் என்று தெரியவில்லை. மூன்றாவது வீட்டில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இதை எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று என்னால் சொல்ல முடியாது.

அவர் போன பிறகு, மாலை ஐந்து இருபத்தைந்துக்குப் போனில் ஒரு செய்தி வந்தது. எழுத்து இல்லை, ஒரே ஒரு எண்.

9

எதிர்வீட்டுக் கேட்டில் போய் நின்று, "ஒம்பது" என்றேன். அவருக்கு அந்தக் கணக்கை நான் சொன்னதே இல்லை. ஆனாலும், "கத்திட்டாளா?" என்றார்.

மறுநாள் இரண்டாம் சுற்று. அதற்கடுத்த வியாழன் இடம் கிடைத்தது என்று கடிதம். போன் முழுக்க அவள் பேசிக்கொண்டே இருந்தாள்; நான் ஊம், ஊம் என்று சொன்னேன். அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள். பாடம் அக்டோபரில்தான், ஆனால் அதற்குள் ஜெர்மன் மொழி வகுப்பு முடித்துக் காட்ட வேண்டுமாம். அந்த வகுப்பு ஜூலை 8 திங்கட்கிழமை ஆரம்பம். அவள் போனது கல்லூரியில் இடம் தேடுகிற மாணவர்களுக்கான விசா, அதை அங்கிருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். வந்துவிட்டுப் போனால் வகுப்பு போய்விடும்.

ஜூலை 9-ஆம் தேதித் தாளில் நான் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

"எத்தன வருஷம்?" என்று கேட்டேன்.

"நாலு தாத்தா."

நாலு என்றதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள், "தாத்தா, பீரோவ மூடி வையுங்க, பூச்சி வரும்" என்றாள். திறந்து கிடப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றும் மூடவில்லை.

ஜூலை 9 செவ்வாய்க்கிழமை காலை, வேறு வேலை இல்லாததால் கடைவீதிக்குப் போனேன். செருப்புக் கடையில் பெண்கள் அளவில் ஏழாம் எண் கேட்டேன். அளவு எப்படித் தெரியும் என்று கடைக்காரர் கேட்டார். தரையில் விழுந்த ஈரக்கால் தடத்தைப் பார்த்து நான் கணித்தது. கொண்டுவந்து எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன். அவர் காலில் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. நான்கு எட்டு நடந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் போட்டுக்கிட்டு ஓட முடியாதே அண்ணாச்சி."

"ஓட வேண்டாம்மா."

"அத எப்படிச் சொல்ல முடியும்" என்றார். செருப்பைக் கழற்றிக் கேட்டுக்கு உள்ளே, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேசை முன் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதினேன். விசாக் கட்டணம், விமானம், ரத்து செய்த திரும்பும் டிக்கெட்டில் பிடித்துக்கொண்டது, மூன்று ஊர் ரயில், விடுதி, மொழி வகுப்பு, அங்கே முதல் ஆறு மாத வாடகை, ஆனைக்குட்டத்துக்குப் பதினாறு நாள் ஆட்டோ. மகள் போட்டது இதில் சேராது, இது என் பங்கு மட்டும். இரண்டு தடவை கூட்டினேன், இரண்டு தடவையும் ஒரே விடை வந்தது. பிறகு கடைசியில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதைப் பார்த்து எழுதினேன்: செருப்பு ஒரு ஜோடி, இருநூற்றுத் தொண்ணூறு. அதையும் சேர்த்து ஏழு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய்.